மொழி ஒன்று, நாடு வேறு: திருகோணமலைக்குத் தொண்டு செய்ய வர நினைப்பவருக்கு

கோயம்புத்தூரில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை செய்யும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "ஒரு மாதம் விடுப்புக் கிடைக்கிறது. திருகோணமலையில் இரண்டு வாரம் ஏதாவது தொண்டு செய்துவிட்டு, மீதி நாட்களில் ஊர் பார்க்க ஆசை. சிறுவர் இல்லமொன்றில் ஆங்கிலமும் கணினியும் சொல்லிக்கொடுக்கும் திட்டம் கண்ணில் பட்டது. பணம் கட்டச் சொல்கிறார்கள். சேரலாமா? எந்த மாதம் வரலாம்? தனியாக வரும் பெண்ணுக்குப் பாதுகாப்பாக இருக்குமா? அங்கேயும் தமிழ்தானே, சமாளித்துவிடலாம் அல்லவா?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் அதுதான் வேர்.

நான் திருகோணமலையில் பிறந்தவள். 28 ஆண்டுகள் பாடசாலை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்த பிறகு, நிவாரண வேலைக்கென்று இங்கே வந்திறங்கிய எத்தனையோ பேருடன் கூடவே நின்று வேலை செய்திருக்கிறேன். நல்ல மனத்தோடு வராதவர்களை நான் கண்டதே குறைவு. நல்ல மனத்தால் நேர்ந்த சேதத்தையும் கண்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து ஒரு தம்பி வந்தார். பொறியியல் படித்தவர், தங்கமான பிள்ளை. சாதாரண தரப் பரீட்சைக்கு (உங்கள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்றது) படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் மாலையில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகளுக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. அவர் ஊர் திரும்பிய பின் தவணைப் பரீட்சை வந்தது. "திணிவு 5 கிலோகிராம் உடைய பொருளின் நிறை என்ன?" என்று ஒரு கேள்வி. வகுப்பிலேயே கெட்டிக்காரியான மாணவி "5 கிலோகிராம்" என்று எழுதியிருந்தாள். சரியான விடை 50 நியூட்டன்.

என்ன நடந்தது தெரியுமா? தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்பது எங்கள் பாடநூலில் திணிவு. எங்கள் நிறை உங்களுடைய எடை. நீங்கள் வேகம் என்பதை நாங்கள் கதி என்போம். நாங்கள் வேகம் என்பது உங்களுக்குத் திசைவேகம். உங்கள் முடுக்கம் இங்கே ஆர்முடுகல், உங்கள் அழுத்தம் இங்கே அமுக்கம். அந்தத் தம்பி பிழையாக எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் நாட்டுக்குச் சரியானதைச் சொல்லிக்கொடுத்தார். வகுப்பாசிரியை அதை ஒவ்வொரு பிள்ளையின் தலையிலிருந்தும் அழித்து எழுத ஒரு மாதம் ஆயிற்று. அவர் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தால் எல்லாரும் கவனமாக இருந்திருப்போம். தமிழ் பேசியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, அவருக்கும் வரவில்லை.

பாடநூலோடு இது நிற்பதில்லை. பக்கத்து ஊர்களான கிண்ணியாவிலும் மூதூரிலும் வாழும் முஸ்லிம்கள் வீட்டில் பேசுவது தமிழ். உம்மா, வாப்பா என்று அழைத்து, நம் காதுக்கு இனிமையாகத் தமிழ் கதைப்பார்கள். "நாம் எல்லாரும் தமிழர்தானே" என்று நீங்கள் அன்பாகச் சொன்னால் எதிரே இருப்பவரின் முகம் மாறும். இங்கே முஸ்லிம் என்பது மதம் மட்டுமல்ல, தனியான ஒரு சமூக அடையாளம். அதன் பின்னால் நீண்ட வரலாறும் காயங்களும் உண்டு. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று சமூகங்களும் பெரிய எண்ணிக்கையில் சேர்ந்து வாழும் மாவட்டம் இது. ஒரே தெருவில் மூன்று விதமான நினைவுகள் இருக்கும். ஆகவே, தங்கச்சி, மொழி தெரியும் என்பதை ஒரு சலுகையாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர் தெரியும் என்பதற்கு அதைச் சான்றாக எடுத்துவிடாதீர்கள். ஜப்பானுக்குப் போனால் எவ்வளவு தயங்கித் தயங்கிக் கேட்டு நடப்பீர்களோ, அவ்வளவு தயக்கம் இங்கேயும் தேவை.

இனி அந்தச் சிறுவர் இல்லம். சேராதீர்கள். இந்த ஒன்றில் நான் வளைந்து கொடுக்கப் போவதில்லை.

ஒருமுறை ஓர் இல்லத்துக்குப் பழைய பாடநூல்கள் கொண்டு போயிருந்தேன். முற்றத்தில் ஆறு, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடி வந்து, என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். என் பெயரைக் கேட்கவில்லை. முதற்கேள்வியே "நீங்கள் எப்போது போவீர்கள்?" என்பதுதான். இன்றைக்கே போய்விடுவேன் என்றேன். "சரி" என்று சொல்லிக் கையை விட்டுவிட்டு, அடுத்து வந்தவரிடம் ஓடினாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இரண்டு வாரத்துக்கு ஒருவராக வந்து, மடியில் தூக்கி வைத்து, படம் எடுத்து, அழுது விடைபெற்றுப் போகும் அக்காமாரையும் அண்ணாமாரையும் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள். பெற்றவர்களின் பிரிவு ஒன்று போதாதென்று, மாதம் இரண்டு பிரிவுகள். உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் அவர்களைப் பிரித்து வைத்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருபவர் கட்டும் பணம் இல்லத்துக்கு வருமானமாகிவிட்டால், பிள்ளையை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப யாருக்கு மனம் வரும்? 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய சிறுவர் உரிமைத் தீர்மானத்திலும், இல்லங்களில் நடக்கும் தொண்டர் திட்டங்களால் பிள்ளைகளுக்கு வரும் தீங்கைத் தடுக்க வேண்டும் என்று நாடுகளிடம் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது. அப்படியானால் பிள்ளை தாயோடு இருப்பதற்கு வழி செய்யும் வேலைக்குத் துணை நில்லுங்கள். தாயின் கையில் நாலு காசு நிற்கச் செய்வது அந்த வகைத் தொண்டுதான். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எந்த அமைப்பானாலும் அதை எடைபோட நான் வைத்திருக்கும் உரைகல் இது: அவர்கள் உங்களைப் பற்றி விசாரிக்கிறார்களா? பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கிறார்களா? முன்பு எங்கே வேலை செய்தீர்கள், யாரிடம் உங்களைப் பற்றிக் கேட்கலாம் என்று துருவுகிறார்களா? துருவினால் நல்ல இடம். கடவுச்சீட்டுப் பிரதியும் பணமும் அனுப்பினால் போதும், திங்கட்கிழமை வகுப்பில் நிற்கலாம் என்றால், அதே வேகத்தில் நல்லவரல்லாத ஒருவரையும் அந்தப் பிள்ளைகளிடம் விட்டிருப்பார்கள். அடுத்து நீங்கள் கேளுங்கள்: இந்த வேலையை எனக்கு முன் யார் செய்தார், எனக்குப் பின் யார் செய்வார்? விடை "இன்னொரு தொண்டர்" என்றால் அது வேலையே அல்ல. ஊர்க்காரர் ஒருவரின் பெயர் விடையாக வர வேண்டும். ஊரில் எங்காவது பிள்ளைகளுக்குத் தீங்கு நடப்பதைப் பார்த்தால் 1929 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலவச எண் அது.

விசாவைப் பற்றித் தொண்டு செய்ய வருபவர்களிடம் யாரும் சொல்வதில்லை, ஆகவே நான் சொல்கிறேன். இணையத்தில் விண்ணப்பித்துப் பெறும் 30 நாள் சுற்றுலா விசாவில், சம்பளம் வாங்கும் வேலையும் சம்பளமில்லாத வேலையும் செய்யக் கூடாது என்பது நிபந்தனை. தொண்டுதானே, பணமா வாங்குகிறேன் என்ற வாதம் செல்லாது. தினமும் வகுப்பெடுப்பதென்றால், உங்களை அழைக்கும் அமைப்பு அதற்குரிய விசாவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். எந்த வகை விசா என்று அவர்களிடம் எழுத்தில் கேட்டு, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலும் விசாரித்துவிடுங்கள். "சுற்றுலா என்று போட்டு வாருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் இடம் சட்டத்தை மட்டுமல்ல, உங்களையும் மதிக்காத இடம். பிடிபட்டால் விமானம் ஏறப்போவது நீங்கள்தான், அவர்கள் அல்ல.

அப்படியானால் ஒரு மாதத்தில் என்னதான் செய்வது? என் யோசனை உங்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கலாம். இந்த முறை விருந்தாளியாக வாருங்கள். முழு மனத்தோடு ஊர் பாருங்கள். மனிதர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். தொண்டு அந்தப் பழக்கத்திலிருந்து முளைக்கட்டும்.

மதுரையில் கணக்காளராக வேலை செய்யும் ஒரு பெண் அப்படித்தான் வந்தார். சுற்றுலாப் பயணியாக நிலாவெளியில் தங்கியிருந்தவர், காலையில் மீனவர்கள் கரையில் நின்று கரைவலை இழுப்பதைப் பார்க்கப் போனார். அங்கே மீன் வாங்க நின்ற பெண்களோடு பேச்சுக் கொடுத்தார். நிலாவெளிக்கு வடக்கே ஒரு கரையோரக் கிராமத்தில் பதினொரு பெண்கள் சேர்ந்து கருவாடு போடும் குழு அது. போரிலும் சுனாமியிலும் கணவனை இழந்தவர்கள் அதில் பலர். அந்தப் பயணத்தில் அவர் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு நாள் அவர்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் தொடர்பை விடவில்லை. மறு ஆண்டு அந்தக் குழுவே அவரைக் கேட்டது. ஓர் அமைப்பின் மூலம் முறையான விசாவில் மூன்று வாரத்துக்கு வந்தார்.

முதல் மூன்று நாளும் அவர் வாயே திறக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். மீனைப் பிளக்கிறார்கள், குடல் எடுக்கிறார்கள், உப்புப் போடுகிறார்கள், பரணில் காயவைக்கிறார்கள். நான்காம் நாள் கேட்டார்: "உப்பு என்ன விலை?" ஒருவருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் உப்பை ஒவ்வொருவரும் தம் வீட்டுக் காசில் வாங்கிக்கொண்டு வருவார்கள். அது செலவென்று யாரும் எண்ணியதே இல்லை. பஸ் கூலியும் அப்படியே. பத்துக் கிலோ பச்சை மீன் காய்ந்தால் நான்கு கிலோவுக்கும் கீழே வந்து நிற்கும் என்பதை எல்லாரும் கண்ணால் கண்டிருந்தார்கள், தாளில் எழுதியதில்லை. தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி (நீங்கள் நோட்டு என்பீர்கள்) வாங்கி, சிவப்புப் பேனையால் கோடு போட்டு, பச்சை மீன், உப்பு, ஐஸ், பஸ், காய்ந்த எடை, விற்ற காசு என்று ஆறு பத்தி பிரித்தார். எழுதத் தெரியாத மூத்த அம்மா ஒருவருக்கு, கூடைக்கு ஒரு கோடு, ஐந்தாவது கூடைக்குக் குறுக்கே ஒரு கோடு. மூன்றாவது வாரம் கணக்குப் பார்த்தபோது, அவர்கள் அதிகமாகப் போட்ட சின்ன மீன் கருவாட்டில் நட்டம்தான் வந்துகொண்டிருந்தது என்பது தெரிந்தது. அன்று அந்த மூத்த அம்மா கொப்பியைத் தடவித் தடவிப் பார்த்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். "இவ்வளவு நாளும் கடலைக் குறை சொன்னோமே" என்றார்.

கணக்காளர் போய் ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. கொப்பி இப்போது ஏழாவது. எழுதுவது குழுவில் ஒருவரின் மகள். அந்தப் பிள்ளை தாயோடு வீட்டில் இருந்து படித்தவள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் தொழிலை யோசியுங்கள். உங்கள் தொழிலுக்கு இந்த நாட்டில் நிற்க வேண்டிய கட்டாயமே இல்லை. இங்கே வந்து யாரையாவது பழகிக்கொண்டு, அவர்கள் கேட்டால், கோயம்புத்தூரில் இருந்தபடியே ஓர் ஆண்டுக்கு வார இறுதியில் இரண்டு மணி நேரம் கொடுக்கலாம். கருவாட்டுக் குழுவுக்குத் தொலைபேசியில் கணக்கு வைக்க ஓர் எளிய வழி, வாசிகசாலையின் புத்தகப் பட்டியல், எங்கள் தமிழ்ச் சொற்களிலேயே ஒரு கணினிக் கையேடு. இரண்டு வாரம் நேரில் நின்று செய்வதைவிட ஐம்பது வாரம் தூரத்தில் நின்று செய்வது பெரிய தொண்டு. படம் எடுத்துப் போட அதில் ஒன்றும் இருக்காதுதான்.

பயணத்தையும் பணியையும் சேர்ப்பது மேலைநாட்டார் கண்டுபிடித்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்பர் கையில் உழவாரப்படையோடு ஊர் ஊராகப் போனவர் அல்லவா? தலம் தலமாகப் போய்த் தரிசித்தார். போன இடத்தில் பாதையிலிருந்த புல்லைச் செதுக்கினார். கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்று போகவில்லை, குனிந்து செதுக்கப் போனார். இலங்கையில் இதற்குச் சிரமதானம் என்று பெயர். 1958இல் ஆரியரத்ன தொடங்கிய சர்வோதய இயக்கம் அந்தச் சொல்லை நாடெங்கும் வீட்டுச் சொல்லாக்கியது. ஊராரும் வெளியாரும் சேர்ந்து மண்வெட்டி பிடிப்பார்கள், சேர்ந்து உண்பார்கள், மாலையில் கலைவார்கள். நீங்கள் தங்கும் வீட்டுக்காரர்கள் காலையில் கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கப் போனால் நீங்களும் ஒரு சாக்கைப் பிடியுங்கள். விருந்தாளி தாராளமாகச் செய்யக்கூடிய உதவி அது. கூடவே ஒரு நன்மை: பக்கத்தில் குனிந்து நிற்பவர் கதைக்கத் தொடங்குவார். ஊரைப் பற்றி எந்த வழிகாட்டியும் சொல்லாததை அப்போது கேட்பீர்கள்.

சரி, ஊர் பார்ப்பதற்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இது.

முதல் மாலையே கோணேசர் கோயிலுக்குப் போய்விடுங்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் ஏற வேண்டும். வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். எல்லாரும் கடந்து போய்விடுவார்கள். இந்தக் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் குளக்கோட்டன் மன்னனின் பெயரைச் சொல்லும் பழைய தமிழ்க் கல்வெட்டும், இரட்டை மீன் சின்னமும் அந்தச் சுவரில் இருக்கின்றன. பாண்டிய நாட்டு மீன் கோட்டைச் சுவருக்கு எப்படி வந்தது? 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதன் கற்களை எடுத்தே கோட்டை கட்டினார்கள். உள்ளே புள்ளிமான்கள் வழியில் படுத்திருக்கும். பிஸ்கட் கொடுக்காதீர்கள், பிளாஸ்டிக் உறையோடு விழுங்கிவிடுகின்றன. மேலே ஏறினால் கோயில். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய தலம். இப்போது நீங்கள் காணும் கட்டடம் 1963இல் குடமுழுக்குக் கண்டது. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் கீழே கடலில் மூழ்கித் தேடியபோது பழைய கோயிலின் தூண்களையும் ஒரு சிவலிங்கத்தையும் கண்டார்கள். மாலைப் பூசை மணி அடிக்கும் நேரத்தில் இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவின் பக்கம் நின்று கீழே பாருங்கள். பாறை செங்குத்தாக இறங்கிக் கடலில் முடியும். காற்றில் உங்கள் துப்பட்டா நிற்காது. நான் ஐம்பது ஆண்டுகளாகப் பார்க்கிறேன், இன்னும் ஒருமுறை கூட அந்த இடத்தில் வாய் திறந்து பேசத் தோன்றியதில்லை.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு விடியற்காலையில் போங்கள். நகரிலிருந்து அனுராதபுரம் வீதியில் 8 கிலோமீட்டர். ஏழு சிறு கிணறுகள், பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒவ்வொன்றிலும் வேறு சூடு. தாய்க்குக் கருமம் செய்ய இராவணன் உண்டாக்கினான் என்பது எங்கள் கதை. இன்றும் இறந்தவர்களுக்கான கடன்களை அங்கே செய்பவர்கள் உண்டு. ஆகவே வாளியால் அள்ளி ஊற்றிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, ஓரமாக மொட்டைத் தலையோடு ஒருவர் நின்றால் கொஞ்சம் அடங்கிக்கொள்ளுங்கள். அந்த இடத்தின் காணி உரிமை பற்றியும் சமய உரிமை பற்றியும் வழக்கும் மனக்கசப்பும் இருக்கின்றன. கேளுங்கள், கருத்துச் சொல்லாதீர்கள்.

புறாமலைத் தீவு நிலாவெளியிலிருந்து படகில் கொஞ்ச நேரம். 1963இல் சரணாலயமாக்கப்பட்டு 2003இல் தேசியப் பூங்காவானது. முருகைக் கற்களுக்கு (உங்கள் பவளப்பாறை) மேலே மிதந்தபடி பார்த்தால் நிறம் நிறமாக மீன்கள். கரையோரத்தில் கறுப்பு முனைத் துடுப்போடு சிறு சுறாக்கள் வளைய வரும், ஒன்றும் செய்யாது. ஒரே ஒரு விண்ணப்பம்: கால் ஊன்றாதீர்கள். நீங்கள் கல் என்று நினைத்து மிதிப்பது உயிர். ஓராண்டில் அது வளர்வது சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரைதான். நீந்தத் தெரியாவிட்டால் மிதவை அங்கி வாங்கிப் போடுங்கள். வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட முழுக்கைச் சட்டையோடு இறங்குவது முருகைக்கும் நல்லது, உங்கள் முதுகுக்கும் நல்லது. உண்மையாகத் தொண்டு செய்ய வேண்டுமென்றால், இப்படி மிதிக்காமல் வந்துபோவதே அந்தத் தீவுக்குச் செய்யும் தொண்டு.

உப்புவெளியில் நிலாவெளி வீதியோரமாக இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டன. கல்லில் வயதைப் படித்துக்கொண்டே நடந்தால் பத்தொன்பது, இருபது, இருபத்திரண்டு என்று வரும். அரைமணி நேரம் போதும்.

கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் பஸ்ஸிலேயே போங்கள். 2009இல் பாலம் திறக்கும் வரை கிண்ணியாவுக்கு, நாங்கள் "பாதை" என்று சொல்லும் மிதவையில்தான் கடந்தோம். மகாவலி கங்கை கடலில் கலப்பது அந்தக் கொட்டியாரக் குடாவில்தான். 1660இல் ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டதும் அந்தப் பக்கத்திலேயே. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்து தப்பினார். இந்த ஊர்களில் வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகக் கடைகள் பூட்டியிருக்கும், நோன்பு மாதத்தில் பகலில் வெளியில் நின்று உண்ணாதீர்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை எங்கேயும் உதவும்.

மாதத்தைக் கேட்டீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். திமிங்கிலம் பார்க்கும் படகுகளும் அப்போதுதான் போகும், விலங்கைத் துரத்தாத படகோட்டியாகப் பார்த்து ஏறுங்கள். ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனல் போல் அடிக்கும், மதியத்தில் வெளியே நடக்க நினைக்காதீர்கள். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வாடை, மழை, கொந்தளிப்பு. பௌர்ணமி நாட்கள் இங்கே போயா விடுமுறை. அலுவலகங்கள் இருக்காது, பஸ்களில் கூட்டம் நிறையும்.

கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயில் உண்டு, விடியும்போது எங்கள் கடற்கரைக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். யாழ்ப்பாணம் வழியாக வந்தால் வவுனியாவைத் தொட்டுப் பஸ்ஸில் வரலாம். வாடகை மோட்டார் சைக்கிளில் சுற்றும் எண்ணம் இருந்தால் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே பொழுது சாய்ந்தபின் போகாதீர்கள், யானை வீதியில் நிற்கும்.

தனியாக வரும் பெண்ணுக்கு என் ஊர் பாதுகாப்பானதா என்றால், பகலில் பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் கோயிலிலும் உங்களுக்கு ஒரு குறையும் வராது. பக்கத்து இருக்கை அம்மா உங்கள் குலம் கோத்திரம் எல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவார். இருட்டியபின் ஆளில்லாத கடற்கரையில் நடக்காதீர்கள். முச்சக்கர வண்டியில் ஏறுமுன் கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். குடும்பமாக இருப்பவர்கள் அறை வாடகைக்குக் கொடுக்கும் வீட்டில் தங்குங்கள். காலையில் பிட்டும் மீன் குழம்பும் கிடைக்கும், இரவு எட்டு மணிக்கு நீங்கள் வந்து சேராவிட்டால் தேட ஓர் ஆளும் இருக்கும். கடற்படை, விமானப்படைப் பகுதிகளைப் படம் எடுக்காதீர்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பதும் இங்கே பெரிய குற்றம்.

போரைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். 2009 மே மாதத்தில் அது முடிந்தது என்பது நாட்காட்டிக் கணக்கு. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கறிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே அந்த வீட்டம்மா தானாகச் சொல்லத் தொடங்குவார். அப்போது தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இடையில் மறிக்காமல் கேளுங்கள். "எங்களுக்குத் தெரியும், நாங்கள் அப்போது எவ்வளவு துடித்தோம்" என்று தொடங்கிவிடாதீர்கள். அந்தக் கதை அவருடையது.

ஜூலையில் வருவதாக இருந்தால், இரண்டாவது வாரத்தில் ஒரு காலையைக் கரைவலைக்கு ஒதுக்குங்கள். ஐந்தரை மணிக்கு உப்புவெளிக் கரையில் நின்றால் போதும். ஆண்கள் இரண்டு வரிசையாக நின்று இழுப்பார்கள்; மூத்தவர் யாராவது வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பிடிக்கலாமா என்று கேட்டுவிட்டுப் பிடியுங்கள், உள்ளங்கை எரியும். மீன் நிறைந்த வலையின் மடி கரைக்கு வந்ததும் கூடையோடு நிற்கும் பெண்களில் ஒருவர் கையில் சிவப்புக் கோடு போட்ட கொப்பி இருக்கும். பேச்சை அவரோடு தொடங்கலாம்.